வங்கிக் கணக்கும் பண அட்டையும்: குடும்பத்தார் அனைவரும் அறிய வேண்டியவை

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா என்று சிலர் எண்ணக்கூடும். நெடுங்காலம் வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பாடுபட்டுச் சேர்த்த பொருள் ஒரு குடும்பத்தை விட்டுப் போவதற்கு வறுமையும் ஆடம்பரமும் மட்டுமே காரணங்களாக இருப்பதில்லை. அறியாமையும் ஒரு காரணம். கணவர் எந்தெந்த வங்கியில் எவ்வளவு வைத்திருந்தார் என்பது மனைவிக்குத் தெரியாது. தந்தையின் பெயரில் இருந்த வைப்புச் சீட்டு பழைய பெட்டியின் அடியில் பத்தாண்டுகள் கிடக்கும். முகம் தெரியாத ஒருவன் தொலைபேசியில் கேட்ட ஆறு இலக்க எண்ணைச் சொன்னதனால் ஓய்வூதியம் முழுவதும் ஒரே நாளில் கரைந்துவிடும். இவை நடவாதிருக்க என்ன அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

வங்கியில் போட்ட பணம் என்பது என்ன?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். வங்கியில் நாம் பணம் போடும்போது, சட்டத்தின் பார்வையில் நாம் வங்கிக்குக் கடன் கொடுக்கிறோம். வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. நாம் கேட்கும்போதோ, குறித்த தவணையிலோ அதைத் திருப்பித் தர வேண்டியது அதன் கடமை. இதை மனத்திற் கொண்டால் எல்லாக் கணக்குகளின் இயல்பும் எளிதில் விளங்கும். எப்போது கேட்டாலும் தரவேண்டிய கடனுக்கு வட்டி குறைவு, அல்லது இல்லை. நாள் குறித்துக் கொடுத்த கடனுக்கு வட்டி அதிகம்.

கடன் கொடுத்தவர், வாங்கியவருடைய வலிமையை அறிந்திருக்க வேண்டுமல்லவா? 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் பெரும் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அதனோடு மூழ்கியது. அந்த வேதனையின் விளைவாகவே, நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. அந்நாளில் வைப்பாளருக்குக் காப்பீடு என்று ஒன்று இல்லை. இன்று உண்டு. வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் வாயிலாக, ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. 1 லட்சமாக இருந்த இவ்வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் உயர்த்தப்பட்டது.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் அவையெல்லாம் கூட்டப்பட்டு, வரம்பு ஒன்றாகவே கணக்கிடப்படும். இரண்டாவது, நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பீடு பொருந்தும். ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு இது பொருந்தாது. மூன்றாவது, தனியார் நிதி நிறுவனங்களும் சீட்டு நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே எவரேனும் மிகுதியான வட்டி தருவதாகச் சொன்னால், “இந்தப் பணத்துக்கு வைப்புக் காப்பீடு உண்டா?” என்று முதலில் கேளுங்கள்.

சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும்

அன்றாடக் குடும்பச் செலவுக்கும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியது சேமிப்புக் கணக்கு. 2010 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நாளின் இறுதியிலும் இருக்கும் தொகைக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன், மாதத்தின் 10ஆம் நாள் முதல் கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்கு மட்டுமே வட்டி கிடைத்தது. வட்டி விகிதத்தை 2011 அக்டோபர் முதல் ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. ஆதலின் வங்கிக்கு வங்கி அது வேறுபடும்.

பல சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை வைக்க இயலாதவர்க்கென்றே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. இதில் இருப்பு ஒன்றுமில்லாவிட்டாலும் அபராதம் இல்லை. பற்று அட்டைக்குக் கட்டணம் இல்லை. மாதத்துக்குக் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டக் கணக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. அக்கணக்குடன் வரும் ரூபே அட்டைக்கு விபத்துக் காப்பீடும் உண்டு. ஆனால் விபத்து நிகழ்வதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் அந்த அட்டை ஒருமுறையேனும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் காப்பீடு பயன் தராது.

சிறுவர்களைப் பற்றியும் ஒரு சொல். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தம் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாமே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. அதற்கு உட்பட்ட வயதினர்க்குப் பெற்றோர் காப்பாளராக இருக்கலாம். தாயும் காப்பாளராகக் கையெழுத்திடலாம். தந்தை உயிருடன் இருந்தாலும் அதற்குத் தடையில்லை. விழாக் காலத்தில் பெரியோர் தரும் பணத்தைக் குழந்தை தன் கையாலேயே வங்கியில் செலுத்திக் கணக்குப் புத்தகத்தில் பதிவு பெறுவது நல்ல தொடக்கம்.

நடப்புக் கணக்கு வணிகர்களுக்கு உரியது. ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் வரலாம், போகலாம். இதற்கு வட்டி கிடையாது. கடைக்கணக்கையும் வீட்டுக்கணக்கையும் ஒன்றாகக் கலந்து நடத்துவோர் நம்மில் உண்டு. அது கூடாது. கடையின் வரவு செலவு தனியே இருந்தால்தான் இலாபம் எவ்வளவு என்பது நமக்கே தெரியும். கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்கும் தெரியும்.

பொதுப் பணத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஆலயத் திருப்பணிக்கும் விழாச் செலவுக்கும் திரட்டும் நன்கொடையைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வைப்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், அவருக்கே இழைக்கும் தீங்காகும். அவருக்குத் திடீரென ஒன்று நேர்ந்தால், அப்பணம் சட்டப்படி அவருடைய வாரிசுகளின் உரிமைக் கேள்வியாகிவிடும். அமைப்பின் பெயரில் கணக்கு, தீர்மானத்தின் வழியே இரு நிர்வாகிகளின் கூட்டுக் கையெழுத்து, ஆண்டுதோறும் தணிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் ஐயத்துக்கு இடமிராது.

வைப்புக் கணக்குகள்

உடனே தேவைப்படாத பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைப்பது இழப்பு. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் நிரந்தர வைப்பின் வட்டிக்கும் 3 விழுக்காடு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். 3 லட்சம் ரூபாயை ஓராண்டு வாளாவிட்டால் இழப்பது 9,000 ரூபாய்.

மாதந்தோறும் சிறுதொகை சேர்க்க வல்லவர்க்குத் தொடர் வைப்பு ஏற்றது. மொத்தமாகக் கையில் உள்ளவர்க்கு நிரந்தர வைப்பு. முழுத்தொகையையும் ஒரே சீட்டாக ஐந்தாண்டுக்குப் போடுவதைக் காட்டிலும், மூன்று நான்கு சீட்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு காலங்களில் முதிரும்படி போடுவது அறிவுடைமை. திடீர்ச் செலவு வந்தால் ஒரு சீட்டை மட்டும் முறித்தால் போதும். முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறையும், பெரும்பாலும் சிறு அபராதமும் உண்டு. அதைத் தவிர்க்க, வைப்பின் பேரில் கடன் பெறும் வழியும் உள்ளது. ஓரிரு மாதத் தேவைக்கு அதுவே சிக்கனம். ஆனால் வருமான வரிச் சலுகைக்கென்று போடும் ஐந்தாண்டு வைப்பை இடையில் முறிக்க முடியாது, அதன்பேரில் கடனும் பெற முடியாது.

வைப்பு வட்டியில் வரிப் பிடித்தம் செய்வதற்கான வரம்பு, 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் ரூபாயாகவும், ஏனையோர்க்கு 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

கூட்டுக் கணக்கும் வாரிசு நியமனமும்

இப்போது சொல்லப்போவதுதான் இவ்வுரையின் உயிர்ப்பகுதி. தாய்மார்கள் கூர்ந்து கேட்கும்படி வேண்டுகிறேன்.

கணவனும் மனைவியும் பெயர் சேர்த்துக் கணக்கு வைத்திருந்தால் மட்டும் போதாது. அக்கணக்கை இயக்கும் முறை எதுவென்று பார்க்க வேண்டும். “இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்” என்ற முறையில் எவரும் தனித்துப் பணம் எடுக்கலாம். ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம். “முதலாமவர் அல்லது எஞ்சியிருப்பவர்” என்ற முறையில் முதற்பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்கலாம். “இருவரும் கூட்டாக” என்று எழுதியிருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மறைந்தால், எஞ்சியவரோடு மறைந்தவரின் சட்டப்பூர்வ வாரிசுகள் அனைவரும் சேர்ந்தே பணம் பெற முடியும்.

எடுத்துக்காட்டாக, நிலம் விற்ற பணம் 6 லட்சத்தை ஒரு தம்பதியர் கூட்டாக வைப்பில் இட்டிருக்கிறார்கள் எனக் கொள்வோம். விண்ணப்பத்தில் “கூட்டாக” என்ற கட்டத்தில் குறியிட்டதை எவரும் கவனிக்கவில்லை. கணவர் மறைகிறார். மூன்று பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் மனத்தாங்கலில் பேசுவதில்லை. அந்த அம்மையார் தம் மருத்துவச் செலவுக்குத் தம் பெயரும் உள்ள பணத்தை எடுக்க, மூவருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இட்ட குறி இத்தனை துன்பத்தைத் தருகிறது. இருவரும் நலமாக இருக்கும்போதே வங்கிக்குச் சென்று ஒரு கடிதம் கொடுத்தால் இயக்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வைப்புச் சீட்டாயின், ஒருவர் மறைந்தால் எஞ்சியவர் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலையும் அப்போதே சேர்த்து எழுதிக் கொடுப்பது நலம்.

அடுத்தது நியமனம். நமக்குப் பின் இக்கணக்கின் பணத்தை எவரிடம் கொடுக்க வேண்டும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பதே நியமனம். இதற்குக் கட்டணம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முன்பு ஒருவரை மட்டுமே நியமிக்க இயன்றது. 2025ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். வைப்புக் கணக்குகளில் இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று பங்கிட்டும் எழுதலாம். ஒருவர்பின் ஒருவராக வரிசைப்படுத்தியும் எழுதலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசை முறை மட்டுமே உண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரேயன்றி, அதன் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளுக்காக அதைப் பெற்று வைத்திருக்கும் பொறுப்பாளர் அவர். பணம் இறுதியில் இன்னாருக்கே சேர வேண்டும் என்று விரும்பினால் உயில் எழுத வேண்டும். நியமனம், உயில் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால் உடன்பிறந்தார் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க நேராது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் செயலற்ற கணக்குகளாகின்றன. பத்தாண்டுகள் எவரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அப்படி மாற்றப்பட்டாலும் உரிமை அழிவதில்லை. வைப்பாளரோ வாரிசுகளோ உரிய சான்றுகளுடன் வங்கியை அணுகி, பின்னரும் பெறலாம். மறைந்த பெற்றோர் பெயரில் இவ்வாறு பணம் இருக்கிறதா என்று தேட 2023இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. வீட்டில் உள்ள இளைஞர்கள் இத்தளத்தில் தாத்தா பாட்டியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

மூன்று வகை அட்டைகள்

இனி அட்டைகளுக்கு வருவோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாட்டை அறிய ஒரே கேள்வி போதும்: இந்த அட்டையைத் தேய்த்தால் போவது யாருடைய பணம்?

பற்று அட்டையில் போவது நம் கணக்கில் உள்ள நம் பணம். கடன் அட்டையில் போவது வங்கியின் பணம். அதை நாம் பின்னர் செலுத்த வேண்டும். முன்பணம் நிரப்பிய அட்டையில் போவது நாம் முன்கூட்டியே அதில் ஏற்றி வைத்த தொகை. பரிசு அட்டையும் பயண அட்டையும் இவ்வகையின. அட்டையில் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என்று இருப்பது பணத்தைக் கொண்டுசெல்லும் வலைப்பின்னலின் பெயர். ரூபே நம் நாட்டின் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2012இல் அறிமுகப்படுத்தியது. யு.பி.ஐ. முறையை 2016இல் கொண்டுவந்ததும் அக்கழகமே.

உழவர் கடன் அட்டை என்பதும் கடன் கணக்கே என்பதை நம் வேளாண் குடும்பங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1998இல் தொடங்கிய இத்திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனை உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோர்க்கு, மத்திய அரசின் வட்டி மானியத்தால் நிகர வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடாகக் குறைகிறது. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். அறுவடைப் பணம் வந்ததும் முதற்செலவு இதுவாக இருக்க வேண்டும்.

கடன் அட்டையைத் தீயது என்று நான் சொல்லமாட்டேன். கெடு நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டுபவர்க்கு அது வட்டியில்லாத சிலவாரக் கடன். ஆனால் மாதப் பட்டியலில் “குறைந்தபட்சம் கட்ட வேண்டியது” என்று ஒரு சிறிய தொகை அச்சிட்டிருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று எண்ணுபவர் கடனில் ஆழ்வார். ஒரு கணக்குப் போடுவோம். நிலுவை 40,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 2,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு என்று கொண்டால் 1,400 ரூபாய். அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 252 ரூபாய். ஆக, நாம் கட்டிய 2,000 ரூபாயில் அசலுக்குச் சேருவது 348 ரூபாய் மட்டுமே. மாதம் மூன்றரை என்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு. மேலும், நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், எடுத்த நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும். தனிக் கட்டணமும் உண்டு.

கேட்காமல் கடன் அட்டை அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிலுவையைத் தீர்த்துவிட்டு அட்டையை மூடும்படி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் நெறிமுறை கூறுகிறது.

காத்துக்கொள்ளும் வழி

அட்டையை ஒரு திறவுகோலாகக் கருதுங்கள். வீட்டுத் திறவுகோலை எவரிடமும் கொடாத நாம், அட்டையின் பின் எண்ணை அட்டையின் உறையிலேயே எழுதி வைக்கலாமா? பின் எண், அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் ஆகிய மூன்றையும் எந்த வங்கி ஊழியரும் கேட்பதில்லை. கேட்பவர் வங்கி ஊழியர் அல்லர்.

யு.பி.ஐ. பின் எண்ணை இடுவது பணம் அனுப்புவதற்கே. பணம் பெறுவதற்கு அது தேவையில்லை. “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்று எவரேனும் சொன்னால் அது வஞ்சகம். அவ்வாறே, காவல் அதிகாரி என்று சொல்லிக் காணொளியில் மிரட்டி, “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்” என்பதும் பொய். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அச்சமுற்றுத் தனியே இருந்து பணம் அனுப்பாமல், அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் சொல்ல வேண்டும்.

அட்டையை எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்பதை நாமே வரையறுக்கலாம். இணைய வணிகம், வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்தி வைக்கவும், நாள் வரம்பைக் குறைக்கவும் வசதி உண்டு. தொடாமல் செலுத்தும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே பணம் போகக்கூடும். இவ்வசதி வேண்டாத முதியோர் அதை நிறுத்தி வைப்பதே நலம். வங்கிகள் தம் இணைய முகவரிகளை “பேங்க்.இன்” என்று முடியும் வகையில் 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. வேறு முடிவுடைய முகவரியிலிருந்து வங்கிப் பெயரில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள்.

இத்தனை கவனத்துக்குப் பின்னும் நம் அனுமதியின்றிப் பணம் போய்விட்டால்? அன்று முதற்பொருள் காலம். 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். வங்கிக்கும் தெரிவித்து அட்டையை முடக்கிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறையின்படி, நம் பிழையும் வங்கியின் பிழையும் இன்றி மூன்றாமவர் செய்த மோசடியாயின், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு வரம்பு உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், ஏனைய சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாய். ஆனால் கடவு எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் நம்முடையதே. அதனால்தான் குறுஞ்செய்தி வரும் கைப்பேசி எண் வங்கியில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மகனின் பழைய எண்ணைத் தாயின் கணக்கில் கொடுத்து வைத்தால் எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேரும்?

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் கலங்க வேண்டாம். ஐந்து நாள்களுக்குள் வங்கி அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே தரவேண்டும் என்பது 2019 செப்டம்பரில் வெளியான விதி.

வங்கியிடம் எழுத்து வடிவில் கொடுத்த புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் இல்லையெனினும், பதில் நிறைவு தராவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

வீடுதோறும் செய்ய வேண்டியவை

அன்பர்களே! விழா முடிந்து ஊர் திரும்பியபின், ஒரு நாள் மாலை குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து அமருங்கள். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கணக்கின் வங்கி, கிளை, எண், இயக்கும் முறை, நியமனம் பெற்றவர் பெயர், வைப்பு முதிரும் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். கடன்களையும் எழுதுங்கள், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். பின் எண்களையும் கடவுச் சொற்களையும் மட்டும் எழுதாதீர்கள். அந்நோட்டு எங்கிருக்கிறது என்பது வீட்டில் இருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த வேலை நாளில் வங்கிக்குச் செல்லும்போது தனியே போகாதீர்கள். இல்லத்தரசியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். படிவத்தில் அவரும் கையெழுத்திடட்டும், எழுபது வயது கடந்தவர்க்கு வீட்டுக்கே வந்து செய்யும் சேவைகள் எவை என்று அவரே கேட்கட்டும், ஏ.டி.எம்.மில் 100 ரூபாயேனும் அவரே எடுத்துப் பார்க்கட்டும். துயரம் வந்து சூழும் நாளில் முதன்முறையாக வங்கியின் படியேறுவது மிகக் கொடிது. நல்ல நாளிலேயே அவ்வழியை அவருக்குப் பழக்கி வைப்பது, நகையும் நிலமும் சேர்த்து வைப்பதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

பொருளைத் தேடுவது ஒரு திறமை. தேடிய பொருள் உரியவர்க்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும்படி ஒழுங்கு செய்வது ஒரு கடமை. அக்கடமைக்கு இவ்வுரை சிறிது துணை செய்யுமாயின் மகிழ்வேன்.